ஈயத்தைத் தேடி வீடு வீடாக வந்தவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம். ரத்தத்தில் ஈயம் கூடியிருந்த எங்கள் தெருப் பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி செவிலியர் அக்காவுக்கு. விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக வந்ததும் பதறிப்போனோம். "விரலில் ஒட்டிய தூசியாலும் இப்படிக் காட்டும், கை நரம்பில் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று அவர்தான் நிதானமாகச் சொன்னார். அதிலும் கூடுதலாகத்தான் வந்தது. திமிறி அழுத பிள்ளைகளிடம் ஒரே குத்தில் ரத்தம் எடுத்த ஆய்வகத் தம்பியையும் மறக்க மாட்டோம்.

மருந்து கொடுங்கள் என்று டாக்டரை நச்சரித்தோம். ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் ஈயம் 45 மைக்ரோகிராமை எட்டினால்தான் குழந்தைகளுக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து. 5 வந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் என்று அவர் விளக்கினார். வரும் வழியை அடைக்காவிட்டால் மருந்து கொடுத்தாலும் மறுபடி ஏறிவிடுமாம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகம் இழுத்துக்கொள்ளும் என்று சாப்பாட்டு விஷயத்தையும் கவனித்தார்.

அப்புறம் வந்தார்கள் ஆய்வாளர்கள். எங்கள் சந்தேகமெல்லாம் குடிநீர்மேல். அவர்கள் தண்ணீரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எக்ஸ்-கதிர் கருவியோடு போய் நின்ற இடம் ஜன்னல். திறந்து மூடும்போது சட்டங்கள் உரசிப் பழைய பெயிண்ட் பொடியாக உதிர்கிறது. மேலே புது பெயிண்ட் அடித்திருந்தும், அடியில் இருந்த ஈயத்தைக் கருவி காட்டிக்கொடுத்தது. தவழும் பிள்ளையின் கை அந்தப் பொடியில் படும், உடனே வாய்க்குப் போகும். விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சும் என்பதை அன்றுதான் அறிந்தோம். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க மாட்டீர்களா என்று இவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. (வேறு சிலர் கேட்டார்கள். அதை விடுங்கள்.)

பெயிண்டை அகற்றிய தொழிலாளர்களுக்குத் தனி நன்றி. நனைக்காமல் அப்படியே தேய்த்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும், விஷத் தூசியும் வீடு முழுக்கப் பரவியிருக்கும். தண்ணீர் தெளித்து, தரையெல்லாம் பிளாஸ்டிக் விரித்து, மெதுவாகச் சுரண்டினார்கள். துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க எங்களுக்கும் பழக்கிவிட்டார்கள். அதுவரை பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், மறுபேச்சில்லாமல் சம்மதித்த வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. மறுத்தவர்களிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேசியது செவிலியர் அக்காதான்.

பிள்ளைகளின் அளவு இறங்கி வருகிறது. எலும்பில் தங்கியது மெல்லத்தான் வெளியேறும் என்பதால் மறுபரிசோதனைக்குத் தவறாமல் வருவோம். பின்தெருவில் இன்னும் பார்க்காத வீடுகள் இருக்கின்றன. கருவியோடு அங்கே போகும்போது சொல்லி அனுப்புங்கள்; கதவு தட்ட எங்களில் சிலர் கூட வருகிறோம்.

நன்றியுடன்,
பெற்றோர் சார்பில் ஒரு தாய்