வட சென்னையில லீக் மேட்ச் ஆட ஒரு முழு அளவு ஃபுட்பால் கிரவுண்டு வேணும் – மாநகராட்சி ஆணையருக்கு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சென்னை லீக்ல கீழ் டிவிஷன் ஆடுற ஏரியா டீமோட செக்ரட்டரி மற்றும் பிளேயர்ஸ்,
வியாசர்பாடி, சென்னை – 39.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 3.

பொருள்: லீக் சீசன்ல கீழ் டிவிஷன் மேட்ச் நடத்த மாநகராட்சி கிரவுண்டு ஒண்ண ஒதுக்கித் தரச் சொல்லி.

ஐயா வணக்கம்,

லீக்க நடத்துறது மாநகராட்சி இல்ல, சென்னை ஃபுட்பால் அசோசியேஷன்தான், அது எங்களுக்கும் தெரியும். அப்புறம் ஏன் உங்களுக்கு மனுன்னு கேட்டீங்கன்னா, லீக் அவங்ககிட்ட இருக்கு, கிரவுண்டு உங்ககிட்ட இருக்கு, நடுவுல நிக்கிறது நாங்க. சும்மா பொதுவா "விளையாட்ட வளர்க்கணும்"னு கேக்க வரல, ஒரே ஒரு கிரவுண்டு, அதுவும் வருஷம் பூரா இல்ல, சீசன் நடக்குற சில மாசம் மட்டும்.

நம்ம ஊர் லீக் நேத்து முளைச்சது இல்லைங்கய்யா. மெட்ராஸ் ஃபுட்பால் அசோசியேஷன் ஆரம்பிச்சது 1934ல, சுதந்திரத்துக்கு 13 வருஷம் முன்னாடி. அப்புறம் ரொம்ப வருஷம் இந்த லீக்க தூக்கிப் புடிச்சது ஆபீஸ் டீமுங்கதான். ஐசிஎஃப் (பெரம்பூர் ரயில் பெட்டி ஃபேக்டரி), சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், கஸ்டம்ஸ், இன்கம்டாக்ஸ், ஏஜிஸ் ஆபீஸ் (அரசு கணக்குத் தணிக்கை ஆபீஸ்), ரிசர்வ் பேங்க்னு வரிசையா சொல்லலாம். பெரம்பூர் பக்கம் ஒரு பையன் நல்லா ஆடுனா ஐசிஎஃப்ல ட்ரையலுக்குக் கூப்டுவாங்க, செலக்ட் ஆனா வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன்னு ஒரு குடும்பமே மேல வந்துரும். எங்க ஏரியாவுல பெரியவங்க பையன் கிரவுண்டுக்குப் போறத திட்டாம விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம். இந்தியன் பேங்க் டீம் 1996ல நேஷனல் ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சப்ப முதல் சீசன்லயே ஆடுச்சு, இன்னைக்கு இருக்குற சின்னப் பசங்களுக்கு இது சொன்னா நம்ப மாட்டாங்க. இப்ப ஆபீசுங்கள்ல ஆள் எடுக்குறது கொறஞ்சு போச்சு, அதனால லீக்கோட பாரம் பூரா ஏரியா டீமுங்க மேலயும் சின்ன கிளப்புங்க மேலயும் வந்து உக்காந்துருக்கு.

இதுல உங்க ஆபீஸுக்கும் ஒரு பங்கு இருக்கு. ரிப்பன் பில்டிங்குக்குப் பின்னாடி நிக்கிற நேரு ஸ்டேடியத்துக்கு அந்தக் காலத்துப் பேரே கார்ப்பரேஷன் ஸ்டேடியம்தான். 1956லேர்ந்து 1965 வரைக்கும் அங்கதான் டெஸ்ட் கிரிக்கெட் கூட நடந்துச்சு. அப்புறம் 1993ல நேரு கப் ஃபுட்பாலுக்காக புதுசா கட்டி இப்ப இருக்குற ஷேப்புக்கு வந்துச்சு. அதாவது மெட்ராஸ்காரன் உக்காந்து ஃபுட்பால் பாக்க கார்ப்பரேஷன் பேர்லயே ஒரு எடம் இருந்த ஊருங்க இது. சீனியர் டிவிஷன் மேட்சுக்கு இப்பவும் அந்த ஸ்டேடியம் கிடைக்கும், அதப்பத்தி எங்களுக்கு புகார் இல்ல. கீழ இருக்குறவன் எங்க ஆடுவான்ங்கறதுதான் கேள்வி.

லீக் எப்படி நடக்குதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா எங்க கோரிக்கைக்கு காரணமே அதுல இருக்கு. மேல சீனியர் டிவிஷன், அதுக்குக் கீழ ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்னு எறங்கிட்டே போகும். ஜெயிச்சா 3 பாயிண்ட், டிரா ஆனா 1. டேபிள்ல மேல வந்த டீம் அடுத்த டிவிஷனுக்கு ஏறும், கடைசில இருக்குறது எறங்கும். காசு குடுத்தெல்லாம் மேல போக முடியாது, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) மாதிரி டீம வாங்குறது விக்கிறது கெடையாது, ஒரு தெருப் பசங்க ஒண்ணா சேந்து பேர் குடுத்து கீழேர்ந்து ஆரம்பிச்சா வருஷா வருஷம் ஏறி ஐசிஎஃப் எதிர்ல போய் நிக்கலாம். ஆனா ஒரு வருஷம் கீழ் டிவிஷன் நடக்கலன்னாலோ பாதில நின்னுட்டாலோ ஏறுறதும் இல்ல எறங்குறதும் இல்ல, 19 வயசுப் பையன் 20 ஆகி அதே எடத்துல நிப்பான். ரெண்டு சீசன் இப்படிப் போச்சுன்னா அவன் டெலிவரி பைக் ஏறிடுவான், திரும்ப வர மாட்டான்.

கணக்கு பாருங்க ஐயா. ஒரு டிவிஷன்ல 10 டீம்னு வச்சுக்குவோம், ஒருத்தரோட ஒருத்தர் ஒரு தடவ ஆடுனாலே 45 மேட்ச். நாலு டிவிஷன்னா 180. ஒரே கிரவுண்டுல ஒரு நாளைக்கு ரெண்டு மேட்ச் போட்டா 90 நாள்ல முடிஞ்சிரும், லைட் இருந்தா மூணு போடலாம், 60 நாள். அவ்ளோதான். பெரிய பட்ஜெட் சமாச்சாரமே இல்ல, நிம்மதியா மார்க் பண்ணி ஆட ஒரு எடம்.

இப்ப எப்படி நடக்குதுன்னா, காலைல ஆறு மணிக்கே போய் சுண்ணாம்பு பவுடர்ல லைன் போடுவோம், நெட்ட கோல் போஸ்ட்டுல பழைய ஷூ லேஸ் வச்சு கட்டுவோம், ரெஃப்ரி டீம் ஷீட்ட செக் பண்ணி கையெழுத்து வாங்கி விசில் ஊதறதுக்குள்ள அந்தப் பக்கம் மூணு கிரிக்கெட் மேட்ச் ஆரம்பிச்சிருக்கும். கார்னர் எடுக்குற எடத்துல ஒருத்தன் ஃபீல்டிங் நிப்பான். அவன திட்டவும் முடியாது, அவனுக்கும் வேற எடம் கெடையாது. பாதி மேட்ச்ல டென்னிஸ் பால் உள்ள வந்து பெனால்டி பாக்ஸ்ல உருளும், ரெஃப்ரி நிறுத்துவாரு, மறுபடி ஆரம்பிப்பாரு. டிரெஸ் மாத்த ரூம் இல்ல, அடிபட்டவன ஆட்டோல தூக்கிட்டு ஓடணும். இதுல தோத்த டீம் கிரவுண்டு சரியில்லன்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்தா யாரு என்ன பதில் சொல்றது.

மாநகராட்சி நெறைய எடத்துல டர்ஃப் (செயற்கைப் புல் தரை) போட்டுக் குடுத்துருக்கு, அதுக்கு மனசார நன்றி, பொய்யா சொல்லல. சின்னப் பசங்க நைட்ல லைட் வெளிச்சத்துல ஆடுறாங்க. ஆனா அதுல பெரும்பாலானது அஞ்சு பேரு ஏழு பேரு ஆடுற சைஸு. லீக் மேட்சுக்கு ரூல்படி நீளம் குறைஞ்சது 90 மீட்டர், அகலம் குறைஞ்சது 45 மீட்டர் வேணும், இன்டர்நேஷனல் சைஸ்னா 105க்கு 68. சுத்தி வலை கட்டுன சின்ன டர்ஃப்லயே வளந்த பையனுக்கு கால்ல வேகம் சூப்பரா இருக்கும், ஆனா ஆஃப்சைடு லைன் பாத்து ஓடத் தெரியாது, லாங் பால் போடத் தெரியாது, 11 பேரு ஆடுற மேட்ச்ல திருதிருன்னு முழிப்பான். இத நான் கண்ணால பாத்துட்டேதான் இருக்கேன், ஸ்கில்லுக்கு கொறையே இல்லாத பசங்க ட்ரையல்ல செலக்ட் ஆகாம வெளிய வர்றாங்க.

காசு விஷயமும் சொல்லணும். 2024 அக்டோபர்ல 9 ஃபுட்பால் மைதானங்கள தனியாருக்கு விட்டு ஒரு ஆளுக்கு மணிக்கு 120 ரூபா வாங்கலாம்னு மன்றத்துல தீர்மானம் வந்துச்சு, எதிர்ப்பு வந்ததும் உடனே வாபஸ் வாங்குனீங்க. வாங்குனது ரொம்ப நல்ல விஷயம், அதுக்கும் நன்றி. அந்த ரேட்டுல 22 பேரு ரெண்டு மணி நேரம் ஆடுனா 5,280 ரூபா ஆகும், ஒரு மேட்சுக்கு! எங்க டீம்ல பாதிப் பேரு போடுறதே செகண்ட் ஹேண்ட் பூட்ஸு. அதனால அந்த மாதிரி ஐடியா வேற பேர்ல திரும்ப வந்தாலும் லீக் டீமுங்களுக்கும் ஏரியா பசங்களுக்கும் ஃப்ரீயாவே இருக்கணும்னு எழுத்துல ஒரு உத்தரவு போட்டுக் குடுங்க.

இந்த ஏரியாலேர்ந்து என்ன வந்துருச்சுன்னு யாராவது கேட்டா ரெண்டு பேர் மட்டும் சொல்றோம். வியாசர்பாடி தன்பால் கணேஷ் 2018 மார்ச்ல ஐஎஸ்எல் செமி ஃபைனல்ல கோவாவுக்கு எதிரா கோல் போட்டாரு, அவர் ஆடுன சென்னையின் எஃப்சி அந்த வருஷம் கப்பே அடிச்சது. வியாசர்பாடி நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட்ல டூரண்ட் கப்ல மோகன் பகானுக்கு எதிரா போட்ட ஒரே கோல்ல ஈஸ்ட் பெங்கால், ரெண்டு கொல்கத்தா டீமும் மோதுற டெர்பிய நாலு வருஷத்துக்கு மேல கழிச்சு ஜெயிச்சது, கொல்கத்தா பூரா அவர் பேரு. நம்ம சென்னை லீக்ல ஆடிட்டிருந்த சென்னை சிட்டி 2018–19ல நாட்டளவுல நடக்குற ஐ-லீக் கப்பே தூக்குச்சு. இவ்ளோ இருந்தும் தமிழ்நாடு இதுவரைக்கும் மாநில டீமுங்க மோதுற சந்தோஷ் டிராஃபி ஒரு தடவ கூட ஜெயிக்கல, 2012ல ஃபைனல் வரைக்கும் போய் சர்வீசஸ் கிட்ட 3–2ன்னு விட்டுட்டோம். பொண்ணுங்க 2018லயும் 2023லயும் நேஷனல் சாம்பியன்ஷிப் அடிச்சுக் காமிச்சிட்டாங்க, அவங்களுக்கும் இங்க ஆட நேரம் கெடையாது, அதுதான் இன்னும் வெக்கம்.

அதனால நாங்க கேக்குறது இதுதான் ஐயா. வட சென்னையில மாநகராட்சி கையில இருக்குற கிரவுண்டுல முழு அளவு வர்ற ஒண்ண பாத்து, மண்ணா இருந்தாலும் பரவால்ல, சமமா ரோலர் போட்டு, நிரந்தரமா கோல் போஸ்ட்டு நட்டு, சீசன் நடக்குற மாசங்கள்ல சாயங்காலமும் சனி ஞாயிறு காலைலயும் லீக் மேட்சுக்குன்னு ஒதுக்கிக் குடுங்க. வாரத்துல ரெண்டு சாயங்காலமாவது பொண்ணுங்க டீமுக்கு. ஆம்புலன்ஸ் உள்ள வர்ற அளவுக்கு ஒரு கேட்டு, குடிதண்ணி, டிரெஸ் மாத்த ரெண்டு ரூம், ஒரு டாய்லெட், இது போதும். மத்த நேரத்துல கிரிக்கெட் பசங்க ஆடட்டும், யாரையும் தொரத்தச் சொல்லல. அசோசியேஷன்காரங்க, மண்டல அதிகாரி, எங்கள மாதிரி கிளப்காரங்க மூணு தரப்பையும் ஒரு நாள் கூப்ட்டு உக்கார வச்சா ஒரு மணி நேரத்துல டைம் டேபிளே போட்டுறலாம். லைன் போடுறது, நெட் கட்டுறது, மேட்ச் முடிஞ்சதும் குப்பை பொறுக்குறது எல்லாம் நாங்களே பாத்துக்கறோம்.

அடுத்த சீசன் ரெஜிஸ்ட்ரேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பதில் குடுத்தீங்கன்னா எங்க கிரவுண்டு இதுதான்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்துருவோம்.

இப்படிக்கு,
டீம் செக்ரட்டரி மற்றும் பிளேயர்ஸ்

இணைப்பு: பிளேயர்ஸ், பெற்றோர் கையெழுத்துத் தாள், இப்ப ஆடுற கிரவுண்டோட ஃபோட்டோ
நகல்: உறுப்பினர் செயலர், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், நேரு ஸ்டேடியம், சென்னை – 3