லவோதிக்கேயா குழாயும் நான் அனுப்புன வசனமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்க டர்க்கி டூர் முடிச்சு ஊரு வந்து சேந்து இன்னியோட ஆறு நாளாச்சு. அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வத்திட்டு, ஆனா மாடிப்படி ஏறும்போது மட்டும் இன்னும் மூஞ்சியச் சுளிக்கா. நேத்து போன்ல நீ சொன்னியே, அப்பா நீங்க அனுப்புன போட்டோ நானூத்திச் சொச்சம் இருக்கு, எல்லாத்துலயும் தூணும் கல்லும்தான் தெரியுது, எது எந்த ஊருன்னே புரியலன்னு. கூடவே நின்னு பாத்த உங்க அம்மாவே மூணாவது நாள் பஸ்ஸுல கேட்டா, "எல்லா ஊர்லயும் ஒரே கல்லைத்தான் காட்டுதானோ?" அதனால உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. வாட்ஸப்ல அடிச்சா துண்டு துண்டாப் போயிரும், அதான் ஒரேயடியா உக்காந்து எழுதுதேன். உங்கிட்டச் சொல்ல வேண்டிய விஷயம் ஒண்ணும் இருக்கு, அதுக்குக் கொஞ்சம் சுத்தித்தான் வரணும்.

மொத்தம் 36 பேர். திருவனந்தபுரத்துல ஏறி தோஹாவுல மாறி இஸ்தான்புல். நம்ம சபை போதகர் ஐயர், ரிட்டயர்டு டீச்சர்மார் பன்னெண்டு பேர், ரெண்டு டாக்டர், எல்லார் பையிலயும் ஊறுகாய். காலையில பிரட்டு, ஆலிவ் காய், வெள்ளரி, தக்காளி, சீஸ், மறுநாளும் அதே, அதுக்கு மறுநாளும் அதே. அம்மா கொண்டு போன இட்லிப்பொடிய பிரட்டுல தடவி ஐயரே ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. அய்ரான்னு ஒண்ணு குடுக்கான், உப்புப் போட்ட மோர்தான், இஞ்சியும் கறிவேப்பிலையும் இல்ல, அவ்வளவுதான். நான் பத்து நாளும் அதுலதான் வண்டிய ஓட்டுனேன்.

போனது பைபிள் கடைசிப் புஸ்தகம் வெளிப்படுத்தின விசேஷத்துல வாற ஏழு சபை. சின்ன வயசுல இருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன பேரு, ஆனா அங்க போர்டுல அந்தப் பேரு பாதிதான் இருக்கு. சிமிர்னாதான் இப்ப இஸ்மிர்னு பெரிய சிட்டி, பெர்கமு பெர்காமாவா ஆயிட்டு, தியத்தீராவ அக்ஹிசார்ங்கான், பிலதெல்பியா அலாஷெஹிர். பெர்கமுவுல இறங்குன உடனே ஒரு அக்கா "சர்ச் எங்க?"ன்னு கைடுகிட்ட கேட்டாங்க, அவன் பாவம் முழிச்சான். யோவான் அந்தப் புஸ்தகம் எழுதுன காலத்துல கட்டடமே கிடையாது, ஒரு வீட்டுல பத்திருபது பேர் கூடுவாங்க, அதுதான் சபை. இப்ப நாம பாக்கிற சர்ச் இடிபாடெல்லாம் இருநூறு வருஷம், அதுக்கு மேலயும் கழிச்சு கட்டுனது. பெர்கமுவப் பத்தி "சாத்தானுடைய சிங்காசனம்"னு வருதே, அது மலை மேல இருந்த கிரேக்க சாமி சேயுஸோட பலிபீடம்னு சிலர் சொல்லுதாங்க. அந்தப் பீடத்தையே ஜெர்மன்காரன் 19-ம் நூற்றாண்டுலயே கழட்டி பெர்லினுக்குக் கொண்டு போயிட்டான். அங்க இப்ப இருக்கிறது அஸ்திவாரப் படியும் மரமும்தான்.

ஆனா எனக்கு அந்த மலையில வேற ஒண்ணு கிடைச்சுது. நான் முப்பத்தி ரெண்டு வருஷம் குடிநீர் வாரியத்துல குழாய் பதிச்சவன், எனக்குத் தூண் கண்ணுல படாது, குழாய்தான் படும். பெர்கமு மலை உச்சிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இன்னொரு மலையில இருந்து தண்ணி கொண்டு வந்திருக்கான், இயேசு பிறக்கிறதுக்கு 150 வருஷத்துக்கும் முந்தி. நடுவுல பெரிய பள்ளம். அதுல குழாய இறக்கி மறுபக்கம் மேல ஏத்திருக்கான், மோட்டார் கிடையாது, பம்ப் கிடையாது, ஊத்து உயரத்துல இருக்கிற அழுத்தம் மட்டும்தான். பள்ளத்து அடியில 200 மீட்டர்கிட்ட ஹெட் வரும் பாப்பா, அதாவது அவ்வளவு உயரத் தண்ணியோட அழுத்தம், அந்த இடத்துல ஈயக்குழாய் போட்டிருப்பான்னு சொல்லுதாங்க. நாங்க ஒரு ஸ்கீமுல 60 மீட்டர் ஹெட்டுக்கே ஜாயிண்டு புடுங்கிக்கிட்டு ராத்திரி முழுக்க நின்னிருக்கோம். நான் அங்கயே நின்னு கைடுகிட்ட கேள்வி கேட்டுக்கிட்டே இருந்ததுல குரூப் போட்டோவுல நான் இல்ல, நீ கவனிச்சிருப்ப.

தியத்தீரா சும்மா ஒரு டவுன் நடுவுல கம்பிவேலி போட்ட ஒரு பிளாட், சுத்தி டீக்கடையும் பேங்கும். பாளை மார்க்கெட்டுக்கு நடுவுல நாலு செண்டு இடத்த வளைச்சு வேலி போட்டா எப்படி இருக்கும், அப்படி. பைபிள்ல இரத்தாம்பரம், அதான் சாயத்துணி, வித்த லீதியாளோட ஊரு அதுதான். சர்தையில தேவி கோயில் தூண் ரெண்டே ரெண்டு முழுசா நிக்குது, அதோட மூலையில ஒட்டுனாப்ல ஒரு சின்ன சர்ச், யானை காலடியில ஆட்டுக்குட்டி நிக்கிற மாதிரி. அங்க எங்களுக்குக் குடுத்தது நாப்பது நிமிஷம். அன்னைக்குச் சாயந்திரம் தோல் ஜாக்கெட் கடையில எவ்வளவு நேரம் தெரியுமா, ரெண்டு மணி நேரம்! ஏசி ஹாலுல உக்கார வச்சு பிள்ளைங்கள ஜாக்கெட் போட்டு நடக்க விட்டுக் காட்டுதான், நாங்க 36 பேரும் நம்மூரு வெயில்ல காய்ஞ்சவங்க, யாருக்கு ஜாக்கெட்? ஒரு டாக்டர் மட்டும் வாங்குனாரு, அவர் மகன் லண்டன்ல உங்க பக்கம்தானாம். டூர்காரன்கிட்ட கேட்டா "புரோகிராம்ல இருக்கு சார்"ங்கான். நீ என்னைக்காவது போனா புரோகிராம் ஷீட்டுல "ஷாப்பிங்"ன்னு எத்தன இடத்துல இருக்குன்னு எண்ணிப் பாத்துட்டுப் பணம் கட்டு.

பிலதெல்பியாவுல வீடுகளுக்கு நடுவுல மூணு செங்கல் தூண், ஒவ்வொண்ணும் நம்ம ஓவர்ஹெட் டேங்க் காலு கனம். எதுத்த வீட்டுப் பாட்டியம்மா பால்கனியில கம்பளம் காயப் போட்டுக்கிட்டு இருந்தா, அம்மா கீழ இருந்து சும்மா சிரிச்சா, அவ இறங்கி வந்து அம்மா கையில ஒரு கை நிறைய உலர்திராட்சை வச்சுட்டுப் போறா. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அம்மாவுக்கு இந்த டூர்ல ஞாபகம் இருக்கிறது அந்தப் பாட்டிதான். அந்தத் திராட்சையில கொஞ்சம் உனக்கு எடுத்து வச்சிருக்கா.

எபேசு பெரிசு, அதுக்குத்தான் கூட்டமும். ரோடு பூரா மார்பிள், வழுக்கும், அம்மா என் கையப் பிடிச்ச பிடி இன்னும் வலிக்கு. தியேட்டர்ல 25,000 பேர்கிட்ட உக்காரலாமாம். வெள்ளிக்கோயில் செய்யுத தெமேத்திரியு பொழப்புப் போகுதேன்னு கலகம் பண்ணி, சனம் ரெண்டு மணி நேரம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்"னு கத்துச்சே, அதே இடம். எங்க டீச்சர்மார் நடுவுல நின்னு ஒரு பாமாலைப் பாட்டு எடுத்தாங்க, மைக் இல்லாம மேல் படி வரைக்கும் கேட்டுச்சு, கொரியாக்காரங்க ஒரு குரூப்பு கைதட்டுனாங்க. தியேட்டருக்கு நேரா ஒரு அகல ரோடு போகுது, துறைமுக ரோடு. முனையில பாத்தா கப்பலும் இல்ல கடலும் இல்ல, நாணலும் சகதியும்தான். ஆத்து வண்டல் மூடி மூடி கடல் இப்ப அஞ்சு கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போயிட்டு. நம்ம கொற்கை கதையேதான். அங்கயும் தாமிரபரணி வண்டல்தானே துறைமுகத்த வயக்காடா ஆக்குச்சு. பஸ்ஸுல மைக் வாங்கி நான் இத அஞ்சு நிமிஷம் சொன்னேன், அம்மா முழங்கையால இடிச்சா.

இனி சொல்ல வந்த விஷயத்துக்கு வாறேன். லவோதிக்கேயா.

அந்த ஏழுல கடைசிச் சபை, டெனிஸ்லிங்கிற ஊருக்குப் பக்கத்துல ஒரு மேடு. ஏப்ரல் கடைசி, கல்லு இடுக்கெல்லாம் செவப்பா பாப்பிப் பூ. மத்த எல்லாரும் புதுசா தோண்டி எடுத்த சர்ச்சுல கண்ணாடித் தரை மேல நடந்துக்கிட்டு இருக்காங்க, நான் தெக்குப் பக்கம் குழாயைத் தேடிப் போயிட்டேன். சதுரமா வெட்டுன கல்லு, நடுவுல ஓட்டை, ஒண்ணோட ஒண்ணு சொருகி வரிசையா கிடக்கு. குனிஞ்சு பாத்தா ஓட்டை பாதிக்கு மேல அடைச்சிருக்கு. வெள்ளையா, வளையம் வளையமா, வெங்காயத்த குறுக்க வெட்டுனாப்ல. சுண்ணாம்பு! நம்ம வீட்டு போர் தண்ணியில ஹீட்டர் காயில்ல படியுமே, அதே சாமான், என்ன, இது கல்லாவே ஆயிட்டு. நான் விரல விட்டுத் தடவிப் பாத்தேன். ஒரு துண்டு பேத்து எடுத்துட்டு வரணும்னு கை அரிச்சுது, ஆனா கல்லு எடுத்தா ஏர்போர்ட்ல பிடிச்சு உள்ள போட்டுருவான்னு முதல் நாளே சொல்லிட்டாங்க.

அங்கயே ஒரு கல்வெட்டும் கிடைச்சிருக்கு, 114-ம் வருஷத்து தண்ணிச் சட்டம். தண்ணிய அசுத்தம் பண்ணுனா, குழாய உடைச்சா, சீல் வச்ச கனெக்‌ஷனத் திறந்தா 5,000-ல இருந்து 12,500 தெனாரி, அதான் ரோம் வெள்ளிக்காசு, வரைக்கும் அபராதம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. சர்வீஸ் பூரா ராத்திரி மோட்டார் வச்சு உறிஞ்சுறவன் பின்னால அலைஞ்சவன் நான், என் டிபார்ட்மெண்டு ஆள் ஒருத்தன் 1,900 வருஷத்துக்கு முந்தியே இதே தலைவலியோட உக்காந்திருக்கான்.

அப்ப கைடு வந்தான். வடக்க கையக் காட்டுனான், எதுத்த மலையில பஞ்சு கொட்டுன மாதிரி வெள்ளையா தெரியுது, அதுதான் பாமுக்கலே, பழைய எராப்போலி, வெந்நீர் ஊத்து. உடம்பு வலிக்குக் குளிக்க சனம் எங்கெங்க இருந்தோ வரும். அப்புறம் கிழக்க காட்டுனான், அந்தப் பக்கம் கொலோசெ, பனிமலை அடிவாரம், ஜில்லுன்னு குடிக்கிற தண்ணி. நடுவுல இந்த ஊருக்குத்தான் சொந்தமா நல்ல தண்ணி இல்ல, குழாய்ல வந்த தண்ணி சூடும் இல்லாம குளிர்ச்சியும் இல்லாம சுண்ணாம்பு கலந்து வரும். வாயில வச்சா துப்பத்தான் தோணும். "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்"னு வெளிப்படுத்தின விசேஷத்துல எழுதுனது இந்தத் தண்ணியக் குடிச்சவங்களுக்குன்னான். வேற மாதிரி விளக்கம் சொல்லுத படிச்சவங்களும் இருக்காங்க, எனக்குத் தெரியும். ஆனா அந்தக் குழாய்ல விரல வச்சுக்கிட்டு நிக்கையில எனக்கு இதுதான் சரின்னு பட்டுது.

ஏன்னா சின்னப் பையனா இருக்கையில இருந்து எனக்கு அந்த வசனத்துல ஒரு சந்தேகம். அனல்னா பக்தி, குளிர்னா அவிசுவாசம்னு பிரசங்கத்துல சொல்லுவாங்க. அப்ப குளிரா இருந்தா நலம்னு ஆண்டவர் எப்படிச் சொல்லுவாரு? யாருகிட்டயும் கேட்டதில்ல. இப்பப் பாத்தா ரெண்டுமே நல்ல தண்ணி. ஒண்ணு வலிய ஆத்தும், ஒண்ணு தாகத்த ஆத்தும்.

நாலு வருஷத்துக்கு முந்தி நான் உன்னைக் கேட்டேன், ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறியான்னு. "முன்ன மாதிரி இல்லப்பா, சில வாரம் போறேன், சில வாரம் முடியல"ன்னு நீ உள்ளதச் சொன்ன. அப்ப உனக்கு நைட் டூட்டி, கையில பிள்ளை, மாப்பிள்ளைக்கும் வேலை சரியா அமையல. ஏம்மா முடியலன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்கல. அந்த வெதுவெதுப்பு வசனத்த, வாந்திபண்ணிப் போடுவேன்னு முடியுமே, அத அப்படியே அடிச்சு அனுப்புனேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு. பதில் வரல. அதுக்கப்புறம் நீ எங்கிட்ட மழை பேசுவ, பிள்ளை ஸ்கூல் பேசுவ, சர்ச் பேச்சு மட்டும் எடுத்ததே இல்ல. எனக்குத் தெரியாம இல்ல, தெரிஞ்சே நானும் விட்டுட்டேன்.

அந்த வசனத்துக்கு அடுத்த வரியில யாருக்கு எழுதுனதுன்னே இருக்கு. "எனக்கு ஒரு குறைவுமில்லை"ன்னு சொன்னவங்களுக்கு. 60-ம் வருஷம் பூகம்பத்துல ஊரே விழுந்தும் ரோம் அரசாங்கத்து உதவி இல்லாம சொந்தக் காசுல கட்டுன பணக்கார ஊரு அது. ராத்திரி முழுக்க வார்டுல நின்னுட்டு பால்புட்டி கழுவுன பிள்ளைக்கு எழுதுனது இல்ல. பென்ஷன் வந்து, சொந்த வீடு இருந்து, சர்ச்சுல ரெண்டாவது பெஞ்சுல இடம் வச்சிருக்கிற ஆளுக்கு வேணும்னா பொருந்தும். நான் அட்ரஸ் மாத்திப் போட்டுட்டேன், பாப்பா. தப்பு என்னுதுதான்.

அம்மாகிட்ட அங்கயே சொன்னேன். "இதுக்கு டர்க்கி வரைக்கும் வரணுமா, நான் அன்னைக்கே சொன்னேனே"ன்னா. அதுவும் நெசந்தான்.

மறுநாள் பாமுக்கலேயில செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏற விடுதான், அம்மா அந்த வெதுவெதுன்னு ஓடுத தண்ணியில காலை வச்சுக்கிட்டு முக்கா மணி நேரம் எந்திரிக்கல, எந்தக் கல்லையும் பாக்க வரலன்னுட்டா. மேல பிலிப்பு அப்போஸ்தலர் கல்லறைன்னு 2011-ல கண்டுபிடிச்ச இடத்துக்கு நான் மட்டும் போனேன். கொலோசெயில இறங்கணும்னு கெஞ்சிப் பாத்தேன், வெறும் புல்லு மேடுன்னு சொல்லி பஸ் ஸ்லோ பண்ணுனதோட சரி. இஸ்தான்புல்ல ஆயா சோபியா மாடியில இருந்து பாத்தோம், கீழ தொழுகை நடக்கிறதால டூரிஸ்டுக்கு மேல்தளம்தான். அத விட பூமிக்கு அடியில ஜஸ்டினியன் ராஜா கட்டுன தண்ணித் தொட்டி, 336 தூண், சுமார் எட்டுக் கோடி லிட்டர் பிடிக்குமாம். அதப் பத்தி எழுதுனா நீ தூங்கிருவ, போன்ல சொல்லுதேன்.

லண்டன் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணிதான்னு நீயே சொல்லியிருக்க. உன் கெட்டில் அடியில வெள்ளையா படிஞ்சிருக்கிறத போன மாசம் வீடியோ கால்ல பாத்தேன். கத்தியால சுரண்டாத, உள்ள கோட்டிங் போயிரும். பாதி வினிகர் பாதி தண்ணி ஊத்தி ஒரு கொதி விட்டு, ஒரு மணி நேரம் ஆற வச்சுக் கழுவு, அப்புறம் ரெண்டு தடவ வெறும் தண்ணியக் கொதிக்க வச்சுக் கீழ ஊத்திரு. இல்லாட்டி டீயில வினிகர் வாடை அடிக்கும்.

அன்புடன்
அப்பா