கொரங்காட்டு வேலி கூடிவிட்டது

எங்கள் ஊர்ச் சொந்தங்களுக்கும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன கார்த்திகையில் எங்கள் கொரங்காட்டு வேலி முழுசாகக் கூடிவிட்டது. வடக்கு மூலையில் கடைசியாக இருந்த சந்தும் அடைபட்டாயிற்று. மாடுகளை உள்ளே விட்டு, கடவில் படலைச் சாத்திவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன். நேரில் நன்றி சொல்ல வந்தால், "இதுக்கெல்லாம் எதுக்கு கண்ணு" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இதையாவது கடைசிவரை படித்துவிடுங்கள்.

வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் மழை குறைவு. சரளை மண். இங்கே புஞ்சை நிலத்தைச் சுற்றி முள்கிளுவையால் உயிர்வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தையும் வளர்த்து, மேய்ச்சலுக்கென்றே விட்டு வைப்பதுதான் கொரங்காடு. அது ஊர்ப் பொது நிலம் அல்ல, பட்டா நிலம். மழைக்காலத்தில் புல், கோடையில் புல் காய்ந்த பிறகு மரத்தடியில் உதிரும் வெள்வேலங்காய் என்று வருஷம் முழுக்க மாட்டுக்கு ஏதோ ஒன்று இருக்கும். வேலி நன்றாக இருந்தால் மேய்க்க ஆள்கூட வேண்டாம். காங்கயம் மாடு இப்படிப்பட்ட காட்டில் வளர்ந்த மாடு. தெரியாதவர்கள் பார்த்தால் தரிசு என்பார்கள். அந்த ஒரு சொல் எனக்கு இன்றைக்கும் வலிக்கும்.

அப்பா படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் வேலியைப் பார்க்க ஆளில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தேன். வேலியில் ஒரு செடி பட்டுப்போனால் அந்த இடத்தில் உடனே வேறொன்று ஊன்ற வேண்டும். விட்டுவிட்டால், இந்த மாதம் ஆடு நுழைகிற சந்தில் அடுத்த மாதம் மாடு நுழையும். அப்படித்தான் எங்கள் எட்டு ஏக்கரும் திறந்து போனது. உள்ளே சீமைக் கருவேல் ஏறியது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அந்த மார்கழியில் அப்பா போனார். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டில் அப்போதிருந்த 32 மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தபோது எங்கள் கட்டுத்தறியில் பதினோரு மாடுகள், காட்டில் ஒரு கைப்பிடி புல் இல்லை. எட்டை விற்றேன். மிச்சம் மூன்று. நிலத்துக்கு விலை பேச ஆட்கள் வந்துவிட்டார்கள்.

மேற்குத் தோட்டத்துப் பெரியப்பா அன்றைக்குச் செய்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர் மாடுகளுக்கே தீவனம் போதாது. இருந்தும் சோளத்தட்டுப் போரில் பாதியைப் பிரித்து வண்டியில் ஏற்றி எங்கள் வாசலில் இறக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். "மாட்டை வித்துட்டா காட்டுக்கு வேலை இல்லாமப் போயிரும் கண்ணு. காட்டுக்கு வேலை இல்லைன்னா ஒரு நாளைக்கு அதையும் வித்துருவே" என்றார். பெரியப்பா, அந்த மூன்று மாடுகளும் நின்றதற்கு நீங்கள்தான் காரணம். அவை நின்றதால்தான் மற்றதெல்லாம் நடந்தது.

சீமைக் கருவேலை எடுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்த தம்பிகளுக்கு நன்றி. ஜேசிபி வைத்தால் இரண்டே நாளில் முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். மண்ணைப் புரட்டிப் போட்டால் அடியில் உயிரோடு இருக்கிற புல் தூரும் போய்விடும் என்று தடுத்தவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காமார்கள். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேர் கிளம்பும் இடத்துக்குக் கீழே வெட்ட வேண்டும் என்று கடப்பாரையைப் பிடித்துக் காட்டியதும் அவர்கள்தான். விறகை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த விறகு அவர்கள் பட்ட பாட்டுக்கு ஈடாகாது. அது எனக்கு நன்றாகவே தெரியும், அக்கா.

அப்புறம் வேலி. கிளுவைப் போத்து, அதாவது ஊன்றுகிற கிளைத்துண்டு, விலைக்கு வாங்குகிற பொருள் அல்ல, யாராவது தங்கள் வேலியைக் கழித்துக் கொடுக்க வேண்டும். கோடை முடிவில், இலை உதிர்ந்து நிற்கும்போதே வெட்டி, மழைக்கு முன்னால் ஊன்ற வேண்டும். ஊரில் வேலி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கட்டுக்கட்டாக வந்தது. முதல் வருஷம் பாதிக்கு மேல் பட்டுப்போனது. யாரும் சலித்துக்கொள்ளவில்லை. அடுத்த கோடையிலும் கொடுத்தீர்கள், அதற்கடுத்த கோடையிலும் கொடுத்தீர்கள்.

தெற்கு எல்லையில் மட்டும் ஊன்றாமல் இருந்தேன். எல்லைக்கல் விவகாரத்தில் அப்பாவும் எங்கள் பங்காளிச் சித்தப்பாவும் பன்னிரண்டு வருஷம் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பக்கம் கை வைக்க எனக்குப் பயம். ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தால், சித்தப்பா கடப்பாரையோடு குழி போட்டுக்கொண்டிருக்கிறார். கயிறு பிடித்திருந்த இடம், அப்பா சொன்ன எல்லையும் இல்லை, அவர் சொன்ன எல்லையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில். "வேலி ரெண்டு காட்டுக்கும் பொதுதானே, நீ அந்தக் கடைசியில இருந்து ஊனிட்டு வா" என்றார். மதியம் வரை ஊன்றினோம். வேறு எதுவும் பேசவில்லை. சித்தப்பா, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

விதை தந்தது, ஆட்டுப்பட்டி வைத்திருக்கிற பட்டிக்காரப் பாட்டி. கொழுக்கட்டைப் புல்லின் கதிரை உருவி எடுத்து உடனே தூவியிருந்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. "புது விதை தூங்கும் சாமி, போன வருஷத்து விதையப் போடு" என்று தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு சாக்கு இறக்கிக் கொடுத்தார். பஞ்சு மாதிரி இருக்கும் விதை காற்றில் பறக்காமலிருக்க, சாணியும் மண்ணும் கலந்து உருட்டச் சொன்னதும் அவர்தான். வெள்வேல விதை தோல் கெட்டி, ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்தது நன்றாக முளைக்கும் என்று தன் பட்டியிலிருந்தே பொறுக்கித் தந்தார். படிப்பறியாதவர் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொள்வார். எனக்குப் பாடம் சொன்னவர் அவர்.

கன்று போட முடியாமல் மயிலைப் பசு தவித்த ராத்திரி, போன் செய்த அரை மணி நேரத்தில் வந்த கால்நடை மருத்துவருக்கும், விதை உருண்டை பிடிக்கப் பிள்ளைகளை அழைத்து வந்த ஆசிரியைக்கும், பழையகோட்டைச் சந்தையில் நல்ல கிடாரியாகப் பார்த்து, நியாய விலை பேசி வாங்கிக் கொடுத்த மாமாவுக்கும் நன்றி.

நிலத்தை விற்காமல் இருந்தவர்களுக்கும் நான் நன்றி சொல்லியாக வேண்டும். வேலிகளுக்கு நடுவே மாடு போகிற பாதையான நம் இட்டேரியின் இரு பக்கமும் உள்ள நான்கு குடும்பங்களுக்கும் மனை போட, சோலார் போட என்று நல்ல விலை வந்தது. ஒரு வீட்டில் கல்யாணக் கடன், இன்னொரு வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு. விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் ஒரு காடு போனால் இட்டேரி அடைபடும், மாடு தண்ணிக்குப் போகும் வழி போகும், மற்ற காடுகளும் ஒவ்வொன்றாகப் போகும். இதை எண்ணித்தான் நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

2017இல் காளைகளுக்காக மெரினாவில் உட்கார்ந்தவர்களை நான் மதிக்கிறேன், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: மாட்டைப் பற்றிப் பேசும்போது புல்லைப் பற்றியும் பேசுங்கள். காங்கயம் காளையின் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிற எத்தனையோ பேருக்குக் கொரங்காடு என்ற பெயரே தெரியவில்லை. அதைக் காப்பவருக்குச் செலவு மட்டும் சொந்தமாக இருக்கிறது.

இன்றைக்குக் கட்டுத்தறியில் ஒன்பது உருப்படிகள். கடைசிக் கன்று இன்னும் செவலையாகத்தான் இருக்கிறது, ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். காலையில் வேலிக்குள்ளிருந்து கௌதாரி கத்துகிறது. அப்பா இருந்தபோது கேட்டது.

இந்தத் தையில் உருவிய புல் விதை மூன்று சாக்கு எங்கள் பரணில் இருக்கிறது. அடுத்த மழைக்குத் தூவலாம். பாட்டி தந்த ஒரு சாக்கை முதலில் அவருக்கே திருப்பிக் கொடுக்கிறேன். மீதி இரண்டும் கேட்கிறவர்களுக்கு. சித்திரை முடிவில் வேலியும் கழிக்கப் போகிறேன், போத்து வேண்டும் என்கிறவர்கள் வண்டியோடு வாருங்கள். ஊன்றுகிற அன்று என்னையும் கூப்பிடுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
கிழக்குக் கொரங்காட்டு வீட்டு மகள்