ஜூலை 4-இன் பங்காளிகள்

அன்பு நண்பா,

உன் கடிதமும் கூட வந்த பட்டியலும் கிடைத்தன. தாத்தா பிறந்த ஜூலை 4-ஆம் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பேத்தி தேடித் தேடி எழுதிக் கொடுத்ததை நீ அப்படியே நகலெடுத்து அனுப்பியிருக்கிறாய். முதலில் பிறந்தநாள் வாழ்த்து. ஜூலை எப்போதோ போய்விட்டதே என்று முறைக்காதே. நம் இருவருக்குள் வாழ்த்துக்குக் கெடு ஏது?

பட்டியலின் அடியில் உன் கையெழுத்தில் ஒரு வரி: "ஒரே தேதியில் இத்தனையா? இதில் என்னமோ இருக்கு, நீதான் சொல்லணும்." என்னைச் சோதிடனாக்கப் பார்க்கிறாய். சரி, எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் சில விஷயங்கள் தற்செயலாக அந்தத் தேதியில் வந்து விழுந்தவை. சிலவற்றை மனிதர்கள் வேண்டுமென்றே அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். பேத்தி இரண்டையும் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டாள், அதனால்தான் உனக்கு மலைப்பு.

நீ வட்டம் போட்டிருந்த ஆடம்ஸ், ஜெஃபர்சன் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனும், அதற்காகச் சபையில் வாதாடிய ஆடம்ஸும் 1826 ஜூலை 4 அன்று, பிரகடனத்தின் சரியான ஐம்பதாம் ஆண்டு நாளில் இறந்தார்கள். ஜெஃபர்சனுக்கு 83 வயது, ஆடம்ஸுக்கு 90. ஒருவர் பகல் ஒரு மணிக்குச் சற்று முன், இன்னொருவர் அன்று மாலை. "தாமஸ் ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்" என்பதுதான் ஆடம்ஸ் கடைசியாகச் சொன்னதாகக் கூறுகிறார்கள். ஜெஃபர்சன் போய்ச் சில மணி நேரம் ஆகியிருந்தது அவருக்குத் தெரியாது. அந்தக் காலத்துச் செய்தி குதிரையில் வர வேண்டுமே.

இது மட்டும்தான் பட்டியல்களில் வரும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. இருவரும் ஒரு காலத்தில் இணைபிரியாதவர்கள். 1800 ஜனாதிபதித் தேர்தலில் எதிரெதிராக நின்று பகையாளிகள் ஆனார்கள். தோற்ற ஆடம்ஸ், ஜெஃபர்சன் பதவியேற்கும் நாளன்று விடியுமுன்னே தலைநகரை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார். அதன்பின் பல வருஷம் பேச்சே இல்லை. இருவருக்கும் பொதுவான நண்பர் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர். நீங்கள் இருவரும் சமாதானமாகிவிட்டதாகக் கனவு கண்டேன் என்று 1809-இல் ஆடம்ஸுக்கு எழுதினார். கனவோ, மருத்துவரின் கைமருந்தோ, யார் கண்டது! 1812 புத்தாண்டு அன்று ஆடம்ஸ் இறங்கி வந்து முதல் கடிதம் எழுதினார். வீட்டில் நெய்த துணி இரண்டு துண்டு அனுப்புகிறேன் என்று அதில் ஒரு வரி. கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தது, பொட்டலம் வரவில்லை. ஜெஃபர்சன் அதை நிஜத் துணி என்றே நம்பி, தம் பக்கத்தில் வீட்டு நெசவு எப்படி நடக்கிறது என்று விலாவாரியாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டார். பிறகு பொட்டலத்தைப் பிரித்தால், ஆடம்ஸின் மகன் எழுதிய சொற்பொழிவு நூல், இரண்டு பாகம்! அன்றிலிருந்து சாகும் வருஷம்வரை கடிதம் நிற்கவில்லை. எனக்கு இதைப் படித்தபோது உன் ஞாபகம்தான். நாமும் கொஞ்ச காலம் முறுக்கிக்கொண்டு இருந்தவர்கள்தானே. நமக்கு ரஷ் மாதிரி ஒரு மருத்துவர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தத் தேதியே ஜூலை 2 ஆக இருந்திருக்க வேண்டியது. விடுதலைத் தீர்மானம் 1776 ஜூலை 2 அன்றுதான் நிறைவேறியது. மறுநாளே ஆடம்ஸ் மனைவிக்கு எழுதுகிறார்: ஜூலை இரண்டாம் தேதியை வருங்காலச் சந்ததிகள் வெடியும் வெளிச்சமும் விளையாட்டுமாகக் கொண்டாடுவார்கள் என்று. வெடி, வெளிச்சம் எல்லாம் பலித்தது, தேதி மட்டும் தவறிவிட்டது. பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது 4 அன்று, அச்சிட்ட தாளின் தலையிலும் அந்தத் தேதிதான். பெரும்பாலோர் கையெழுத்திட்டதோ ஆகஸ்ட் 2-இல். ஆக, நீ பிறந்த தேதிக்கு இத்தனை மவுசு வந்தது தாளின் தலைப்பால்.

அவர்கள் இருவரும் ஒரே நாளில் போனது வெறும் தற்செயலா? முழுக்க அப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. சாவதற்குச் சில நாள் முன்பு, விழாவுக்கு ஒரு வாழ்த்துரை தாருங்கள் என்று ஊர்க்காரர்கள் ஆடம்ஸிடம் வந்தார்கள். "என்றென்றும் சுதந்திரம்" என்றார். இன்னும் கொஞ்சம் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, ஒரு வார்த்தைகூட வேண்டாம் என்றுவிட்டார். ஜெஃபர்சனோ 3-ஆம் தேதி படுக்கையில் நினைவு தப்பித் தப்பி வரும்போது, இன்று நான்காம் தேதியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். உயிர் அந்த நாளைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று நான் நம்புவேன். மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஐந்து வருஷம் கழித்து, 1831-இல், இன்னொரு முன்னாள் ஜனாதிபதி மன்ரோவும் அதே ஜூலை 4-இல் போனார். அதைத் தற்செயல் கணக்கில்தான் எழுதுவேன்.

அதே 1826 ஜூலை 4 அன்று ஒரு குழந்தையும் பிறந்தது, பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது: ஸ்டீபன் ஃபாஸ்டர், பின்னாளில் அமெரிக்கர்கள் வாயில் முணுமுணுத்த பாட்டுகளை எழுதியவர். தேசமே கொண்டாடிக்கொண்டிருந்த நாளில், இரண்டு கிழவர்கள் மூச்சுவிடத் திணறும்போது, பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு வீட்டில் பிரசவம். இதற்கெல்லாம் காரணம் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும்.

அடுத்தது விவேகானந்தர். 1902 ஜூலை 4, பேலூர் மடம், வயது 39 என்று ஒரே வரியில் முடித்திருக்கிறாள். அதற்குச் சரியாக நான்கு வருஷம் முன்பு, 1898 ஜூலை 4 அன்று, அவர் காஷ்மீரில் படகு வீட்டில் இருந்தார். கூட வந்த சீடர்களில் சிலர் அமெரிக்கப் பெண்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஒரு கொண்டாட்டம் நடத்த வேண்டும் என்று சுவாமிக்கு ஆசை. உடந்தை, அயர்லாந்தில் பிறந்த நிவேதிதை. உள்ளூர்த் தையற்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, அந்த நட்சத்திரமும் கோடும் எப்படி வரும் என்று விளக்கிச் சொல்லி, பருத்தித் துணியில் ஒரு கொடி தயாரானது. பச்சை இலைக் கிளைகளோடு சேர்த்து அதைப் படகின் முகப்பில் ஆணியடித்து வைத்தார்கள். காலைத் தேநீருக்கு அந்தப் பெண்கள் படகில் ஏறியபோது கொடி அவர்களை வரவேற்றது. அந்த நாளை வாழ்த்தித் தாமே எழுதிய கவிதையும் சுவாமி கையில் வைத்திருந்தார், சுதந்திரத்தைச் சூரியனாகப் பாடுவது. ஆளும் அதிகாரம் வேறொருவர் கையில் இருந்த நாட்டில், இன்னொரு நாட்டின் விடுதலை நாளைக் கொண்டாடிய மனசை நினைத்துப் பார்.

நான்கு வருஷம் கழித்து அதே தேதி. அன்று மடத்துப் பிரம்மச்சாரிகளுக்கு மூன்று மணி நேரம் போல இலக்கணம் நடத்தினார், உலாவப் போனார், மாலையில் தியானத்தில் உட்கார்ந்தார், இரவு ஒன்பது மணி தாண்டி உயிர் பிரிந்தது. அதற்குச் சில நாள் முன்பு பஞ்சாங்கத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார் என்று வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். நாள் பார்த்துப் போனாரா? நீயே முடிவு செய்துகொள்.

படகில் கொடி கட்டிய அதே 1898 ஜூலை 4-இல்தான் சியால்கோட்டில் குல்சாரிலால் நந்தா பிறந்தார். நேரு இறந்தபோது 13 நாள், சாஸ்திரி இறந்தபோது 13 நாள், இரண்டு முறையும் இடைக்காலப் பிரதமர். கொடி என்றதும் இன்னொன்று: நம் தேசியக் கொடிக்கு முதல் வடிவம் கொடுத்த பிங்கலி வெங்கய்யா இறந்ததும் ஒரு ஜூலை 4, 1963-இல். இந்த இரண்டையும் நான் எந்த முடிச்சும் போடாமல் விட்டுவிடுகிறேன்.

பிறந்தநாள்காரர்கள் பக்கம் வருவோம். இத்தாலியை ஒன்றுசேர்க்கப் போராடிய கரிபால்டி, அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன், நடிகை ஜினா லொல்லோபிரிஜிடா, பந்தாட்டக்காரர் டி ஸ்டெஃபானோ, நம் இசையமைப்பாளர் மரகதமணி எல்லாரும் சரி. ஆனால் லூயி ஆம்ஸ்ட்ராங்கை அடித்துவிடச் சொல். 1900 ஜூலை 4 அன்று பிறந்தவன் என்று அந்த எக்காள மன்னர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், உலகமும் வாழ்த்துச் சொன்னது. அவர் போய்ப் பல வருஷம் கழித்து, 1980-களில், நியூ ஆர்லியன்ஸ் தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியவர்கள் கண்டது 1901 ஆகஸ்ட் 4. ஏழ்மையில் பிறந்த கறுப்பினப் பிள்ளைக்குப் பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்? தேசம் வெடி வெடிக்கிற நாளைத் தன் நாள் என்று எடுத்துக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அடிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒருவரைச் சேர்க்கச் சொல்: ஹென்ரியெட்டா லெவிட், 1868 ஜூலை 4. எந்தப் பட்டியலிலும் சுலபத்தில் அகப்படமாட்டார். ஹார்வர்ட் வானாய்வகத்தில் புகைப்படத் தகடுகளில் தெரியும் நட்சத்திரப் புள்ளிகளை அளந்து குறிப்பெடுக்கிற வேலை. சில நட்சத்திரங்கள் மங்கி மங்கிப் பிரகாசிக்கும் அல்லவா? நம் பால்வெளிக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய மெகல்லன் மேகம் என்ற குட்டி நட்சத்திர மண்டலத்தில் அப்படிப்பட்ட 25 நட்சத்திரங்களைப் பார்த்து, எவ்வளவு நிதானமாகத் துடிக்கிறதோ அவ்வளவு பிரகாசம் அதிகம் என்று 1912-இல் காட்டினார். துடிப்பின் கால அளவு தெரிந்தால் உண்மையான பிரகாசம் தெரியும், அது தெரிந்தால் தூரம் தெரியும். ஆண்ட்ரோமீடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கிற தனி மண்டலம் என்று வானியலாளர் ஹப்பிள் சொன்னது இந்த அளவுகோலை வைத்துத்தான். 1925-இல் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கலாமே என்று சுவீடன் கணித அறிஞர் ஒருவர் அவருக்குக் கடிதம் எழுதினார். லெவிட் இறந்து அப்போது மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

விண்வெளிச் செய்திகள் உன் தேதியில் இவ்வளவு குவிந்திருப்பதற்குக் காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. 1997-இல் பாத்ஃபைண்டர் விண்கலம் காற்றுப் பைகளோடு செவ்வாயில் குதித்துக் குதித்து இறங்கியது, 2005-இல் டீப் இம்பாக்ட் கலத்தின் ஒரு பகுதி டெம்பிள் வால்நட்சத்திரத்தில் மோதியது, 2016-இல் ஜூனோ விண்கலம் வியாழனைச் சுற்றத் தொடங்கியது எல்லாம் நாசாவின் வேலை. தேசிய நாள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் எந்த நிர்வாகி விடுவார்? அதிலும் ஜூனோ சுற்றுப்பாதையில் நுழைந்தபோது அமெரிக்காவில் 4-ஆம் தேதி இரவு, நமக்கு 5-ஆம் தேதி காலை. உன் பேத்தி நம் கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அது பட்டியலிலேயே வந்திருக்காது.

தேதி இப்படி நழுவும் என்பதற்கு இன்னொரு சாட்சி, 1054 ஜூலை 4. சீன வானியலாளர்கள் அன்று வானத்தில் ஒரு புது விருந்தாளி நட்சத்திரத்தைக் கண்டு குறித்தார்கள். 23 நாள் பட்டப்பகலிலேயே தெரிந்ததாம். வெடித்த அந்த நட்சத்திரத்தின் மிச்சம்தான் நண்டு நெபுலா என்ற வாயு மேகம். ஆனால் அது பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி. இன்றைய கணக்கில் போட்டால் ஜூலை 10. வெடிப்பே பல ஆயிரம் வருஷம் முன்பு நடந்தது என்பது தனிக்கதை, ஒளி வந்து சேர அவ்வளவு காலம்.

கணக்காகவும் கொஞ்சம் பார். உலகில் ஒரு தேதிக்குச் சராசரியாக இரண்டு கோடிப் பேருக்கு மேல் பிறந்தநாள் வரும். 23 பேர் கூடியிருக்கிற அறையில், எவராவது இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். நம்பமாட்டாய். 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் 253 ஜோடி, அதுதான் சூட்சுமம். 57 பேர் என்றால் நூற்றுக்கு 99. அப்படியிருக்க, ஆயிரம் வருஷ வரலாற்றை எடுத்து 366 பெட்டிகளில் கொட்டினால் எந்தப் பெட்டியும் காலியாகவா இருக்கும்? அடுத்த நாள் பிறந்தவனும் இதே அளவுக்கு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் கேட்பான்.

இதே தேதியில் இறந்த மேரி கியூரி, இதே தேதியில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போஸான் என்ற நுண்துகள் பற்றி எல்லாம் எழுத ஆரம்பித்தால் தபால் கனத்துவிடும்.

இங்கே சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. மூத்தவளுக்கு வேலை மாறியிருக்கிறது, சின்னவன் வழக்கம்போல. எனக்குக் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்தாயிற்று, முதலில் வலது கண். அதற்கப்புறம் கொஞ்ச நாள் படிக்கக் கூடாதாம், அதனால் பதில் எழுதுவதானால் சீக்கிரம் எழுது, எழுத்தும் பெரிதாக இருக்கட்டும். பேத்தியிடம் என் பிறந்த தேதியையும் கொடுத்துவிடு. நவம்பர் 7. மேரி கியூரி பிறந்த நாள் அது, அந்த ஒன்றை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை அவள் தேடட்டும்.

என்றும் உன்,
பழைய சிநேகிதன்