நைனாவின் படகுத் தொப்பி

கிளாஸ்கோ
டிசம்பர் 14

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. பென்சிலில் எழுதியிருந்ததால் இரண்டாம் பக்கம் மடிப்பில் அழிந்துபோய், வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்த போகியத் தொகை நாலு லட்சமா நாலரையா என்று தெரியவில்லை. அடுத்த முறை பேனாவில் எழுதுங்கள். ஆடி மாசத்துக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நைனா திட்டியிருக்கிறீர்கள். நியாயம்தான். செல்வியோடு போனில் பேசுகிறேனே, அவள் சொல்லிவிடுவாள் என்று இருந்துவிட்டேன். உங்கள் காதில் போனை வைத்தால் "யாரு? யாரு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். முப்பது வருஷம் பேஸ் டிரம்முக்குப் பக்கத்தில் நின்ற காது, என்ன செய்வது. இனி மாசம் ஒரு கடிதம் கட்டாயம். நைனா கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குச் செல்வி படித்துக் காட்டட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா கேட்டபடி சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அரிசி, மிளகாய்த்தூள், கருவேப்பிலை எல்லாம் கிடைக்கும். கருவேப்பிலையை மட்டும் எண்ணி எண்ணித்தான் போடுகிறேன். மீன் கேட்டால் ஹேடாக் என்று ஒன்று தருகிறார்கள். முள் கிடையாது, வாசனை கிடையாது. மாவில் முக்கிப் பொரித்து, மேலே வினிகரை ஊற்றிக் கொடுப்பார்கள். காசிமேட்டில் விடிகாலை ஏலத்தில் நின்று அம்மா பேரம் பேசி வாங்கும் சங்கராவை நினைத்துக்கொண்டுதான் அதைச் சாப்பிட வேண்டும்.

குளிரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, குளிராக இருக்கிறது. சூரியன் காலை எட்டே முக்காலுக்குத்தான் வருகிறது, நாலு மணிக்கு முன்னாலேயே போய்விடுகிறது. இரவு வேலை முடிந்து வந்து படுத்து எழுந்தால் சில நாள் அதைப் பார்ப்பதே இல்லை. வீட்டில் ஹீட்டர் இருக்கிறது. மீட்டரில் முதலில் காசு போட்டால்தான் ஓடும். ரொம்ப நேரம் ஓடினால் தோல் வறண்டுபோகிறது, அதனால் நான் அதிகம் போடுவதில்லை. விடுமுறை நாளில் மிட்செல் நூலகத்துக்குப் போய்விடுவேன். பச்சைக் கூரைக் கோபுரம் வைத்த பெரிய கட்டிடம், 1911-இல் கட்டியது. உள்ளே கதகதப்பாக இருக்கும், யாரும் எழுந்திரு என்று சொல்லமாட்டார்கள். படிப்பதற்கும் நல்லது.

இப்போது கீழ்வீட்டுக் கிழவர் கதைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன்.

நான் இருப்பது சிவப்புக் கல்லில் கட்டிய நாலு மாடிக் கட்டிடம். எல்லா வீட்டுக்கும் ஒரே படிக்கட்டு. வாசலோடு சேர்த்து அதை இங்கே 'க்ளோஸ்' என்கிறார்கள். அவர் தரைத் தளம், நான் அவர் தலைக்கு மேலே. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசை தாங்காமல் அந்த இலங்கைக் கடையில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை வறுத்தேன். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு தட்டப்பட்டது. கண்ணாடி ஓட்டை வழியாகப் பார்த்தால் வெளியே ஒரு தொப்பி மட்டும் தெரிகிறது. அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாகக் கட்டம். இந்த ஊர்ப் போலீஸ் தொப்பியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பட்டை இருக்கும். அவ்வளவுதான், கருவாட்டுக்காகப் போலீஸ் வந்துவிட்டது என்று சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

நின்றது அந்தக் கிழவர். கோடு போட்ட பைஜாமா, காலில் கம்பளிச் செருப்பு, தலையில் அந்தத் தொப்பி. "ஆய்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் தெரிந்தது, இவர்கள் 'ஆமாம்' என்பதற்கு 'ஆய்' என்பார்கள், பேச்சு துவங்கவும் அதுதான். (செல்வி, சிரித்தது போதும், மேலே படி.) வீடு பற்றி எரிகிறதோ என்று பார்க்க வந்தாராம். சட்டியைக் காட்டினேன். ஒரு நெத்திலியை வாலைப் பிடித்துத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார், வாயில் போட்டார், இன்னொன்று கேட்டார்.

எனக்கோ அவர் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. காகிதக் கப்பலைக் கவிழ்த்தது போல இரண்டு ஓரமும் மேலே எழும்பி, நடுவில் நீளமாகப் பள்ளம். அடர்ந்த நீலக் கம்பளி. உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு சிவப்புக் குஞ்சம். சுற்றிலும் சிவப்பு வெள்ளைக் கட்டம். இடது பொட்டுக்கு மேலே ஒரு வெள்ளிச் சின்னம். அவர் திரும்பிப் படி இறங்கும்போது பார்த்தேன், பின்னால் பிடரியில் இரண்டு கறுப்பு ரிப்பன் தொங்கியது.

நைனா, அந்த ரிப்பனைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. உங்கள் தொப்பி!

நீங்கள் மூர் மார்க்கெட்டில், அது 1985-இல் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால், பழைய சாமான் கடையில் எட்டு ரூபாய்க்கு வாங்கிய தொப்பியைச் சொல்கிறேன். பேண்டில் மற்றவர்களெல்லாம் கொண்டை வைத்த சிவப்புத் தொப்பி போட்டுக்கொள்ள, பேண்டு மாஸ்டர் என்று உங்களுக்கு மட்டும் அந்தக் கறுப்புத் தொப்பி. அது என்ன தொப்பி என்று நம் தெருவில் எத்தனை பஞ்சாயத்து நடந்திருக்கிறது! கிளாரினெட் பெரியப்பா சர்க்கஸ்காரன் தொப்பி என்றார். டிரம் மாமா, ஏரோப்ளேனில் வேலை செய்கிறவன் போடுவது என்று அடித்துச் சொன்னார். சலூன்காரர் மட்டும் பட்டாளத்தான் தொப்பிதான் என்றார். பட்டாளம் ஏரியாவில் குடியிருந்துகொண்டு வேறு என்ன சொல்வது என்று எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் படகுத் தொப்பி என்று பேர் வைத்து முடித்தீர்கள்.

சலூன்காரர் சொன்னதுதான் சரி. அதன் பேர் கிளெங்காரி. ஸ்காட்லாந்தின் வடக்கே மலைநாட்டில் அந்தப் பேரில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே குலத்தலைவராக இருந்த அலெக்சாண்டர் ரனால்ட்சன் மக்டொனெல் என்பவர்தான் இந்த மாதிரித் தொப்பியைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அவர் 1828-இல் இறந்துபோனார். அப்புறம் ஸ்காட்லாந்துப் படைகள் இதை எடுத்துக்கொண்டன. பைப், அதாவது பேக்பைப் வாத்தியம், வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் போடுகிறார்கள். இதே ஜாதியில் வட்டமாகத் தோசை மாதிரித் தலையில் படிந்து நிற்கும் தொப்பிக்குப் பால்மோரல் என்று பேர். படகு என்றால் கிளெங்காரி, தோசை என்றால் பால்மோரல். நான் இப்படித்தான் நினைவு வைத்திருக்கிறேன்.

மறுநாள் அவரே கூப்பிட்டுக் கையில் கொடுத்துக் காட்டினார். எடுத்ததும் அது மடிந்து தட்டையாகிவிட்டது, தாத்தாவின் காந்தி குல்லா மாதிரியே. ஓரத்தில் தைத்த பட்டைக்குள்ளே ரிப்பன் ஓடுகிறது. அந்தக் காலத்தில் தலைக்குத் தக்கபடி இழுத்துப் பின்னால் முடிச்சுப் போடத்தான் ரிப்பனாம், இப்போது அழகுக்குத் தொங்குகிறது. உள்ளே வேர்வை பட்டு எண்ணெய்க் கறுப்பு ஏறியிருந்தது. மோந்து பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தேன். உங்கள் வாசனை இல்லை.

கட்டத்தையும் விசாரித்தேன். போலீஸ் தொப்பிக் கட்டமே இதைப் பார்த்து வந்ததுதானாம். 1932-இல் பெர்சி சில்லிட்டோ என்பவர் இந்த ஊர்ப் போலீஸ் தலைவராக இருந்தார். தொப்பி போட்ட மற்றச் சீருடைக்காரர்களுக்கு நடுவில் போலீஸ்காரன் தனியாகத் தெரிய வேண்டும் என்று, படைத் தொப்பிக் கட்டத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் போட வைத்தார். அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆக, நான் பயந்ததில் பெரிய தப்பு இல்லை.

உங்கள் தொப்பியில் கட்டம் கிடையாது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொன்னதும் கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் ஆர்கைல் என்கிற படையின் தொப்பியில் சிவப்பு வெள்ளைக் கட்டம் இருந்தது, பிளாக் வாட்ச் என்கிற படைக்குக் கட்டமே இருந்ததில்லை. ஆனால் கட்டம் போட்ட படைகளிலும் பைப் வாசிக்கிறவனுக்கு வெறும் தொப்பி கொடுப்பது உண்டாம். "உன் அப்பா தலையில் இருந்தது ஒரு வாத்தியக்காரன் தொப்பியாகவும் இருக்கலாம்" என்றார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எழும்பூரில் நீங்கள் சவாரிக்குப் போகும்போது வெள்ளைக் கோபுரத்தோடு பார்ப்பீர்களே, செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க், 1821-இல் கட்டியது, அதுவே சென்னையில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் கோயில்தான். அத்தனை பேர் வந்த ஊரில் ஒரு தொப்பி மூர் மார்க்கெட்டுக்கு வருவது என்ன பெரிய காரியம்.

கிழவரும் பைப் வாசித்தவர். இங்கே ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலகப் போட்டி நடக்கும், அதில் ஊதியவராம். பையில் காற்றை நிரப்பி அக்குளில் அழுத்துவார்கள். ஒரு குழல் பாட்டு வாசிக்கும், மூன்று குழல் தோளில் சாய்ந்து ஒரே சுருதியில் நிற்கும். நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆள் ஊதுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவருக்கு மூச்சு போதவில்லை. பை இல்லாத சின்னப் பழகுகுழல் ஒன்று வைத்திருக்கிறார். நான் வேலைக்குக் கிளம்பும் முன்னால், ஆறு மணிக்கு, தரைக்குக் கீழே அது கேட்கும். சரியாக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸ் கட்டுவேன். போன வாரம் இரண்டு நாள் கேட்கவில்லை. கீழே போய்க் கதவைத் தட்டினேன். சளியாம். கொஞ்சம் மிளகு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நைனா, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து டிரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்ப்பீர்கள், எச்சில் தண்ணீரைத் தட்டித் தட்டி வடிப்பீர்கள், அது என் காலில் தெறிக்கும், நான் கத்துவேன். கல்யாண சீசனில் ராத்திரி ரெண்டு மணிக்கு ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, பாக்கெட்டிலிருந்து நசுங்கிப்போன லட்டை எடுத்துத் தூங்குகிற என் வாயில் திணிப்பீர்கள். அந்தக் குழல் சத்தம் கேட்டால் இப்போதும் வாய் தானாகத் திறக்கிறது. சரி, இதை விடுங்கள்.

பணம். இரண்டு மாசமாகக் குறைத்து அனுப்பியதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை, பூட்ஸும் கம்பளிக் கோட்டும் வாங்கவேண்டியிருந்தது. தை மாசம் சரியாகிவிடும். அம்மா, வளையலைச் சேட்டுக் கடையில் வைக்காதே. வைத்துவிட்டாய் என்றால் ரசீதைச் செல்வியிடம் கொடுத்து வை.

வீட்டுக்காரர் தைக்குள் காலி செய்யச் சொன்னால் சண்டை போடாதீர்கள். ஆனால் போகியப் பணம் முழுசும் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்கவே கூடாது. பத்திரத்தில் எழுதியிருப்பது எவ்வளவு என்று செல்வி பார்த்து எனக்குப் போட்டோ அனுப்பட்டும். புது வீடு எங்கே பார்த்தாலும் மழைத்தண்ணீர் ஏறாத தெருவாகப் பாருங்கள், போன மாசம் கட்டில் கால்வரை வந்தது போதும். எண்ணூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு, பொங்கல் கழித்துப் பேசலாம் என்று மாமாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நைனா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டுங்கள், ஒத்திப்போட வேண்டாம்.

காலி செய்யும்போது பரணில் இருக்கும் தகரப் பெட்டியை யாரும் இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். தொப்பி அதில்தான் இருக்கிறது, ஜரிகைக் கோட்டுக்கு அடியில். செல்வி, ஸ்டூல் போட்டு ஏறி அதை எடு. இடது பக்கம் சின்னம் குத்திய ஓட்டை இருக்கிறதா, உள்பட்டையில் ஏதாவது எழுத்தோ நம்பரோ தெரிகிறதா என்று பார்த்து, வெளிச்சத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்து அனுப்பு. கிழவர் தினமும் கேட்கிறார்.

பின்னால் ரிப்பன் இருக்காது. அதை வெட்டியது செல்வி இல்லை, நைனா. நான்தான். எனக்கு எட்டு வயசு, காத்தாடிக்கு வால் வேண்டியிருந்தது. மிச்சத் துண்டை அவள் பொம்மைக்குக் கட்டிவிட்டதும் நான்தான். விசிறிக் காம்பால் அவளுக்கு விழுந்தபோது நான் மொட்டைமாடியில் இருந்தேன். செல்வி, இந்த இடத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

பெட்டிச் சாவி அரிசி டின்னுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும்.

உங்கள் மகன்