கரண்ட் வைக்கும் மெஷினும் மரத்துப்போன காலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீடுகளிலும் தறி ஓடும் வீடுகளிலும் இடுப்புவலி, கால்வலி இல்லாதவர்கள் குறைவு. நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? அதனால்தான் தோலில் பேடு ஒட்டி ‘கரண்ட்’ வைத்துக்கொள்ளும் சின்ன மெஷினைப் பலர் போனிலேயே ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள்.

என் அம்மாவுக்கும் தம்பி ஒன்று வாங்கித் தந்தான். அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கெண்டைக்காலில் ஒட்டி ஆன் செய்தோம். “ஒண்ணுமே தெரியலையே, ஓடுதா?” என்றார். ஏற்றினோம். மறுபடியும் ஏற்றினோம். சதை துடிப்பது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். ஆற ஒன்றரை மாதம் ஆனது.

புண்ணைக் காட்டப் போன இடத்தில் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. சர்க்கரையால் மரத்த காலுக்குக் குறுகுறுப்பும் தெரியாது, சூடும் தெரியாது. நாங்கள் அதை மெஷினின் கோளாறு என்று நினைத்துவிட்டோம். பேடின் பசை காய்ந்து ஓரம் கிளம்பினால், முழுப் பரப்பிலும் பரவ வேண்டிய கரண்ட் ஒட்டியிருக்கும் கொஞ்ச இடத்திலேயே பாய்ந்து சுட்டுவிடும். நம் வேலூர் வெயிலில் வியர்வையே பேடைக் கிளப்பிவிடுகிறது. அப்புறம், மெஷினை அணைக்காமல் பேடைப் பிடுங்கவும் கூடாது.

இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் பேஸ்மேக்கர் கருவி வைத்தவர்கள் இதைத் தாங்களாக எடுத்து ஒட்டவே கூடாது. மெஷினின் துடிப்பை இதயத் துடிப்பு என்று பேஸ்மேக்கர் தவறாக எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். கழுத்தின் முன்பக்கம் யாருக்குமே கூடாது. அங்கே ஒட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், தொண்டைச் சதை இறுகி மூச்சு அடைக்கலாம்.

டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1966-இல் உடல் இயக்கம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் தொடங்கியது இதே வேலூரில், பாகாயத்தில்தான். கேட்டுச் செய்ய ஆள் இல்லாத ஊர் இல்லை இது. ஆனால் எங்களுக்கு வந்த பெட்டியில் இருந்த தாளில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை.

விற்பவர்கள் தமிழில் ஒரு தாள் வைக்க வேண்டும். அதில் சர்க்கரையும் பேஸ்மேக்கரும் முதல் இரண்டு வரியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அதுவரை தங்கள் இதழாவது ஒரு டாக்டரிடம் கேட்டு விவரமாக எழுதும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குடியாத்தம்