கீச்சொலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் உதிரிபாகத்தை மாற்றுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2009-இல் வாங்கிய ஹேட்ச்பேக் காரை, 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்ததும் தகுதிச் சோதனைக்குக் காட்டி, மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்து ஓட்டி வருகிறேன். இத்தகைய பழைய கார்களை வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்றைப் பற்றியும், அதைத் தீர்ப்பதாகச் சொல்லிப் பட்டறைகளில் செய்யப்படும் வீண்செலவைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

என் கார் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து பழைய இரும்புக் கட்டில் முனகுவது போன்ற கீச்சொலி வரத் தொடங்கியது. நான் காரைக் கொண்டுபோன சர்வீஸ் சென்டரில், வண்டியைத் தூக்கிப் பார்க்காமலும், என்னுடன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமலும், ஷாக் அப்சார்பர்தான் காரணம் என்று முடிவு கட்டி இரண்டையும் மாற்றினார்கள். கூலியோடு ரூ.8,000-க்கு மேல் ஆயிற்று. வீடு திரும்பும் வழியில் முதல் வேகத்தடையிலேயே அதே முனகல் கேட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்கும் துப்பு என் கண்முன்னேயே இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காணாமல் போன சத்தம், தை பிறந்து வெயில் ஏறியதும் திரும்பி வந்திருந்தது. இதைத் தெருமுனைப் பட்டறை மெக்கானிக் ஒருவரிடம் சொன்னபோது, அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சக்கரத்தின் பின்னால் கையை நுழைத்து, சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கையான லோயர் ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் மீது தண்ணீரைப் பீய்ச்சினார். பிறகு பானெட்டின் ஓரத்தில் இரு கைகளையும் ஊன்றிக் காரை மேலும் கீழும் அமுக்கினார். சத்தம் இல்லை. தண்ணீர் காய்ந்ததும் மறுபடி அமுக்கினார், முனகியது. வயதான ரப்பர் இறுகி வெடித்து, இரும்போடு உராய்ந்து ஒலி எழுப்புகிறது என்பதும், ஈரம் இருக்கும்வரை அந்த உராய்வு வழுக்கிப் போய்விடுகிறது என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புதிய புஷ்ஷுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்தான். அதைப் பொருத்தும்போது அவர் கடைப்பிடித்த ஒரு முறையையும் குறிப்பிட வேண்டும். ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை, கார் ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்காமல், சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடுமாம். ‘மாற்றி ஆறு மாதத்தில் போய்விட்டது, டூப்ளிகேட் பொருள்’ என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஈரமான காலையில் இன்ஜினைக் கிளப்பியதும் அலறிவிட்டுச் சிறிது நேரத்தில் அடங்கும் சத்தம் பெரும்பாலும் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ரப்பர் பெல்ட்டினுடையது. பெல்ட் மீது சிறிது தண்ணீர் தெளித்தால் அலறல் கூடுமானால் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றும், கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வருமானால் அது சுற்றி ஓடும் சக்கரங்களான புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்றும் கொள்ளலாம். ஓடும் இன்ஜினுக்கு அருகில் செய்வதால், தளர்ந்த துணியும் கையும் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

பின்பக்கத்துச் சத்தம் ஹேட்ச்பேக்குகளுக்கே உரிய தனித் தலைவலி. டிக்கிக் கதவு பெரியது, அதைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கோ நம் ஊர் வெயிலில் காய்ந்து கெட்டியாகிவிடுகிறது. டிக்கியை மேலே மூடியிருக்கும் பலகையான பார்சல் ட்ரேயை வீட்டில் வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சத்தம் வந்தால், பூட்டு கவ்வும் கம்பி வளையத்தில் துணி டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். இந்த இரண்டிலேயே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். பீடிங்குக்குச் சிலிகான் பூச்சுதான் ஏற்றது. கையில் கிடைக்கிற இன்ஜின் ஆயிலைத் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும்.

இவற்றையெல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிரேக் சத்தம் அப்படியல்ல. இரவு மழையில் டிஸ்க்கில் படிந்த துரு, காலையில் இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் போய்விடும். அதன் பிறகும் கீச்சொலி நின்றபாடில்லை என்றால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்து, அதில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசத் தொடங்கியிருக்கலாம். அதை அன்றே காட்டிவிட வேண்டும்.

பட்டறை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். சத்தம் பற்றிப் புகார் வந்தால், எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தை, அது எப்படிக் கெட்டது என்று காட்டி அவர் கையிலேயே கொடுங்கள். என் பழைய ஷாக் அப்சார்பர்களை நான் கேட்டபோது, அவை அன்று காலையே காயலான் கடைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.